நாள் குறித்தவர் யார்? தமிழகத்து இளவேனில் விழாக்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'தமிழகத்தின் இளவேனில் விழாக்களும் பயணங்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர் மாசியில் தொடங்கி வைகாசி வரை ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டே போவார். முடிக்கும்போது பாதிப் பேர் கைப்பேசியில் இருப்பார்கள். பெயர் தெரிந்துகொள்ள ஒரு தினசரிக் காலண்டர் போதும். எனக்குள்ள கேள்வி வேறு. இந்த நாட்களை யார் குறித்தார்கள்? ஏன் அந்த நாள்? ஏன் அந்த ஆற்றங்கரை?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விழாக்கள் ஆட்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடுகள். நிலா, தண்ணீர், அறுவடை, மாடு, பாதை, கூட்டம், சாப்பாடு என்று அத்தனையும் அந்தக் கணக்கில் உண்டு. மனிதர் செய்த ஏற்பாடு என்பதால்தான் சில விழாக்கள் மாதம் மாறியிருக்கின்றன. சில தேர்கள் ஆண்டுக்கணக்கில் நின்று மறுபடி ஓடியிருக்கின்றன.

சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நான் மாசியிலிருந்தே தொடங்குகிறேன். பல ஊர்களில் சம்பா நெல் களத்துக்கு வந்து, கையில் நாலு காசும் காலுக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்கிற நேரம் அதுதான். ஊர் கிளம்புவது அப்போதுதான்.

இப்படிப்பட்ட விழாப் பட்டியலை நமக்கு முன்பே ஒருவர் போட்டிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூருக்கு வருகிறார். சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு கடித்து இறந்துபோயிருக்கிறாள். எலும்பும் சாம்பலும் குடத்தில் இருக்கின்றன. சம்பந்தர் பதிகம் பாடுகிறார், பெண் எழுந்து வருகிறாள் என்பது பெரியபுராணக் கதை. அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். எனக்குப் பிடித்தது அந்தப் பதிகத்தின் உள்ளடக்கம். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று விழாக்களை வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று செத்துப்போன பெண்ணைக் கேட்கிறார். வாழ்வதற்கு அவர் காட்டிய காரணம் திருவிழா! தத்துவம் பேச அவருக்குத் தெரியாதா என்ன? அதை ஒதுக்கிவிட்டு ஊர் விழாவைச் சொல்லி அழைத்திருக்கிறார்.

இன்றைக்கும் மயிலையில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவையை எழுப்பும் நிகழ்ச்சி. மாலையில் அறுபத்து மூவர் வீதியுலா. நாயன்மார் அறுபத்து மூவரும் பல்லக்குகளில் வர, கபாலீசுவரரும் உடன் வருவார். அன்று நான்கு மாடவீதிகளில் யாரும் பசியோடு நிற்க முடியாது. புளியோதரை, பொங்கல், நீர்மோர், விசிறி, பிஸ்கட் என்று கையில் திணித்துக்கொண்டே இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், கொடுப்பவர் முகம் வாடிப்போகும்.

நிலாவுக்கு வருவோம். மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரா பௌர்ணமி மூன்றும் முழுநிலவு நாளில் அல்லது அதை ஒட்டி வருகிறவை. மாசியில் முழுநிலவு மக நட்சத்திரத்தின் பக்கம் நிற்கும். பங்குனியில் உத்திரம், சித்திரையில் சித்திரை. இது வானத்துக் கணக்கு. தரையில் இதற்கு என்ன பயன்? பகல் வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பார்கள், இரவில் வண்டி கட்டுவார்கள். ஆற்று மணலிலும் கடற்கரையிலும் குழந்தை குட்டியோடு படுப்பார்கள். தெருவிளக்கு இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கான பேரை ஓரிடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் அமாவாசையைவிடப் பௌர்ணமி நல்லது. சாமி காரியம் என்று நாம் நினைப்பதில் பாதி வெளிச்சக் காரியம்.

மாசி மகத்துக்குக் கும்பகோணத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016-ல் நடந்தது, அடுத்தது 2028. நான் சொல்ல விரும்புவது மாமல்லபுரம் கடற்கரையை. மாசி மகத்தன்று செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கத்து இருளர் குடும்பங்கள் அங்கே வந்து சேர்கின்றன. கம்பு நட்டுச் சேலையைக் கட்டினால் வீடு. கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட கன்னியம்மனை அழைக்க வருகிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. விடியற்காலையில் மணலிலேயே ஏழு படி கட்டிப் பூவும் பழமும் வைத்துக் கும்பிடுகிறார்கள். பெயர் வைப்பது, மொட்டை, காது குத்து, கல்யாணம் எல்லாம் அங்கேயே. பெண் பார்ப்பதும் பேசி முடிப்பதும் அதே மணலில்தான். உலகம் முழுவதிலிருந்தும் சுற்றுலாப் பயணிகள் வந்து படம் எடுக்கும் கடற்கோயிலுக்குப் பக்கத்தில், டிக்கெட் இல்லாமல், மேடை இல்லாமல் ஒரு சமூகமே ஒன்றுகூடிக் கலைகிறது. சிதறி வாழும் மக்களுக்கு வருடத்தில் ஒரு நாள் சந்திப்பு வேண்டும். அதற்கு எல்லோருக்கும் நினைவிருக்கிற ஒரு நாள் வேண்டும். நிலாவைப் பார்த்தால் தெரிகிற நாளைவிட அதற்குப் பொருத்தமான நாள் எது?

அதே மாசியை ஒட்டிக் கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழா. ராமேசுவரத்திலிருந்து நம்மவர்களும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஈழத்து மக்களும் படகேறி வருவார்கள். தீவுக்குப் போகும் இந்திய யாத்ரிகர்களுக்குக் கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை என்பது 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இரண்டு அரசாங்கங்கள் எல்லைக்கோடு போடும்போதுகூடத் திருவிழாவுக்கு இடம் விட வேண்டியிருந்திருக்கிறது.

பங்குனி உத்திரம் தெற்கே ஒரு விதம், மேற்கே ஒரு விதம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் அது சாஸ்தா கோயிலுக்குப் போகிற நாள். சென்னையிலும் மும்பையிலும் இருக்கிற குடும்பங்கள் அன்று ஊர் திரும்பும். குலசாமி எது என்று தெரியாதவர்கள், எங்கள் சாஸ்தா எந்தக் காட்டில் இருக்கிறார் என்று பெரியவர்களை விசாரித்துக்கொண்டு அலைவார்கள். அந்த அலைச்சலும் விழாவின் பகுதிதான். கொங்கு நாட்டிலோ கொடுமுடிக்குப் போய்க் காவிரித் தண்ணீரைக் கலசத்தில் எடுத்து, தீர்த்தக் காவடியாகப் பழனிக்கு நடப்பார்கள். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டுப் பக்கம் நடந்து முடித்த பாதை வேறு, பங்குனிக்குக் கொங்குப் பக்கம் நடக்கிற பாதை வேறு. ஒரே மலைக்கு எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து விழாதபடி கூட்டத்தைப் பிரித்து வைத்த கணக்கு இது என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

திருவாரூர் ஆழித்தேரைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அலங்காரம் முடிந்தால் 96 அடி உயரம், எடை ஏறக்குறைய 300 டன். பங்குனி ஆயில்யத்தில் ஓட வேண்டும் என்பது மரபு. 1926-ல் பழைய தேர் தீப்பிடித்து எரிந்தது. 1930-ல் புதுத்தேர் வந்தது. 1948-க்குப் பிறகு அதுவும் நிலைக்கு நின்றுவிட்டது. மீண்டும் ஓடியது 1970-ல், கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது. கடவுள் மறுப்பு பேசிய இயக்கத்தின் தலைவர் தன் ஊர்த் தேரை ஓடவைத்தார் என்பதை அவருடைய எதிரிகளும் சொல்வார்கள், நண்பர்களும் சொல்வார்கள். இரண்டு பேரும் வேறு வேறு குரலில் சொல்வார்கள். இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனத்தின் வேலை. கொதிகலன் செய்கிற தொழிற்சாலை தியாகராஜருக்குப் பிரேக் செய்து கொடுத்தது. முன்னால் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான பேர். பின்னாலிருந்து தள்ளப் புல்டோசர். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் பத்து விரலையும் நம்பி வேலை செய்கிறவர்கள். தேர் திரும்புகிற முனையில் நின்று பாருங்கள். பக்தர் கண்ணை மூடிக் கும்பிடுவார், முட்டுக்கட்டைக்காரர் கண்ணை மூடவே மாட்டார்.

சித்திரை முதல் நாளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். வேப்பம்பூப் பச்சடியும் மாங்காயும் எல்லார் வீட்டிலும் உண்டு. புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றி 2008-ல் சட்டம் வந்தது. 2011-ல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சண்டை இன்று இங்கே வேண்டாம். அதே ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்த நாள்; 2022 முதல் தமிழகத்தில் சமத்துவ நாள். தெற்கத்தி ஊர்களில் சித்திரையில் நல்லேர் பூட்டி முதல் உழவு உழுவார்கள்.

இப்போது மதுரை. நாள் குறித்தது யார் என்ற கேள்விக்கு, பெயர் சொல்லிப் பதில் கொடுக்கக்கூடிய ஊர் இது. திருமலை நாயக்கர், 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அவர் காலத்துக்கு முன்பு மீனாட்சி கல்யாணம் மாசி மாதத்தில் நடந்தது. அழகர்மலைப் பெருமாளான அழகர் சித்திரையில் மலையிலிருந்து இறங்கித் தேனூர்ப் பக்கம் வைகைக்குப் போய், மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்த்துவிட்டுத் திரும்புவார். இரண்டும் வேறு வேறு விழா. நாயக்கர் மீனாட்சி விழாவைச் சித்திரைக்குக் கொண்டுவந்தார். அழகரின் வழியை மதுரைக்குத் திருப்பினார். மதுரைப் பக்கம் மாசியிலும் சனங்கள் அறுவடையில் இருந்தார்கள், பெரிய தேரை இழுக்க ஆள் இல்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. சைவரையும் வைணவரையும் ஒரே ஆற்றங்கரையில் நிறுத்துகிற அரசியலும் அதில் இருந்தது என்பார்கள். மாட்டுச் சந்தையும் சேர்ந்துகொண்டது. மாதம் மாறியதற்குச் சாட்சி இன்னும் தெருவில் இருக்கிறது. மீனாட்சி தேர் ஓடுவது சித்திரை மாதத்தில். ஓடும் வீதிகளின் பெயர் மாசி வீதிகள்!

அரசர் இரண்டு விழாக்களைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். அவற்றுக்கு உறவு கட்டியது மக்கள். தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வருகிற அண்ணன் அழகர். வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார். இது கோயில் புராணத்தில் கிடையாது, மக்கள் வாயில் இருக்கிறது. கல்யாண வீடு என்றால் ஒரு கோபம் இருந்தாக வேண்டும் என்பது நம் ஊர் அனுபவம். தெய்வ வீட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுப்பார்களா? இந்த இணைப்பைப் பற்றி முறையாகப் படிக்க விரும்புகிறவர்கள் தொ. பரமசிவன் அவர்களின் 'அழகர் கோயில்' ஆய்வு நூலைப் படிக்க வேண்டும். பாமர நம்பிக்கை என்று ஒதுக்கியதையெல்லாம் அவர் சமூக வரலாறாக எழுதிக் காட்டினார்.

அழகர் கிளம்பும் விதத்தைப் பாருங்கள். கள்ளர் வேடத்தில், கொண்டையும் வளரித்தடியுமாகப் புறப்பட்டுப் பதினெட்டாம்படிக் கருப்பிடம் சொல்லிக்கொண்டு வருவார். சுமார் 20 கிலோமீட்டர். அந்த வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள்; ஒவ்வொரு மண்டகப்படியும் ஒரு குடும்பம் அல்லது ஒரு சமூகம் அவரை நிறுத்தி உபசரிக்கிற உரிமை. மூன்றுமாவடியில் எதிர்சேவை. பக்தர்கள் தோல்துருத்தியில் தண்ணீர் நிரப்பி அவர்மேல் பீய்ச்சுகிறார்கள். சித்திரை வெயிலில் வருகிற அண்ணனுக்கு வேறென்ன கொடுப்பது? திருவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலையைத் தல்லாகுளத்தில் அணிந்துகொண்டு, பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். அன்று என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று ஊரே எட்டிப் பார்க்கும். பச்சை என்றால் அந்த வருடம் விளைச்சலுக்குக் குறைவில்லை. பிறகு வண்டியூர், மண்டூக முனிவர், ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், பூப்பல்லக்கு, மலைக்குத் திரும்புதல்.

1959-ல் வைகை அணை வந்த பிறகு அழகர் இறங்குகிற தண்ணீரும் ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டது. நீர்வளத் துறை மதகு திறந்தால் ஆற்றில் நீர். பழைய காலத்தில் மழைக்கு விண்ணப்பம் வைத்தார்கள், இப்போது கோப்பு நகர வேண்டும். நாளும் ஆண்டுக்காண்டு மாறிக்கொண்டே இருக்கும்: 2024-ல் ஏப்ரல் 23, 2025-ல் மே 12. பரீட்சை அட்டவணை போடுகிறவர்களுக்கு இதனால் வருகிற தலைவலி தனிக் கதை. 2020-லும் 2021-லும் நோய்க்காலம் அழகரை மலையிலேயே நிறுத்தியது. 2022-ல் தேக்கிவைத்த ஆசையெல்லாம் ஆற்றுக்குள் இறங்கியது. நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி தஞ்சைக்குப் பக்கத்தில் களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசிப் பதினொரு பேர் மாண்டார்கள். இதை விதி என்று சொல்ல நான் தயாரில்லை. முன்னோர் நிலாவையும் நீரையும் கணக்கிட்டார்கள்; நம் காலத்துக் கணக்கில் மின்கம்பியும் பாலத்தின் அகலமும் வர வேண்டும். அது வராத விழா பாதி ஏற்பாடுதான்.

சித்திரா பௌர்ணமிக்கு இருக்கிற ஒரே குறை, எல்லா இடமும் அன்றே கூப்பிடும். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. நாடெங்கிலுமிருந்து வருகிற திருநங்கைகள் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுவார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். தேனி மாவட்டத்து எல்லையில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், மங்கலதேவி கண்ணகி கோயில் வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் திறக்கும். குமுளியிலிருந்து ஜீப், பளியன்குடியிலிருந்து நடை. இடுக்கி, தேனி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்துகின்றன. சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும், காடு மறுபடி யானைக்கு. திருப்பூர் மாவட்டம் கண்ணபுரத்தில் மாரியம்மன் விழாவோடு மாட்டுச் சந்தை. காங்கேயம் காளைகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம்.

வெயிலும் அம்மனும் சேர்ந்த கதை சமயபுரம். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கினால் மாரியம்மன் 28 நாள் பச்சைப்பட்டினி விரதம். மக்களுக்காகத் தெய்வம் விரதம் இருக்கிறது. தளிகை கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டும். அம்மை பரவுகிற பருவத்தில் ஒரு சமூகம் என்ன சாப்பிட வேண்டும் என்பதைச் சுகாதாரத் துறை நோட்டீஸ் ஒட்டாமலே சொன்ன விதம் இது.

கிறித்தவர்களின் தவக்காலமும் பாஸ்காவும் இந்தப் பருவத்தில்தான். தஞ்சை, திருச்சிப் பக்கத்துச் சில ஊர்களில் இயேசுவின் பாடுகளை ஊர்க்காரர்களே இரவில் நாடகமாக நடிப்பார்கள். அதற்கும் முழுநிலவுக் கணக்கு உண்டு. உயிர்ப்பு ஞாயிறு இளவேனில் முழுநிலவை அடுத்து வருவது. நோன்புக் கஞ்சி மட்டும் எந்தப் பருவத்துக்கும் கட்டுப்படாது. இசுலாமிய ஆண்டு நிலாவோடு மட்டும் நடப்பதால் நோன்பு எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். 2025-ல் நோன்புப் பெருநாள் மார்ச் 31-ல் வந்தது. பள்ளிவாசல் கஞ்சியும் மாரியம்மன் கூழும் ஒரே வாரத்தில் கிடைத்த தெருக்கள் உண்டு.

மே மாதம் வந்தால் மலை. ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது. மலர்க் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் கோடை விழா. இதுவும் நாள் குறித்த ஏற்பாடுதான், குறித்தவர் வெள்ளைக்காரர். சென்னை அரசாங்கமே கோடையில் ஊட்டிக்குக் குடிபெயர்ந்த காலத்தில் போட்ட அட்டவணையை நாம் இன்னும் பின்பற்றுகிறோம். ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிற்று. மதுரைக்குப் போகிறவர் யாரோ ஒரு மண்டகப்படிக்காரரின் விருந்தாளி. மயிலைக்குப் போகிறவர் ஏதோ ஒரு பந்தலின் விருந்தாளி. மலைக்குப் போகிறவரை விருந்தாளியாக நினைக்கிறவர் யாரும் இல்லை, எல்லோரும் வாடிக்கையாளர்கள். வாடிக்கையாளர் வருகையை எந்த ஊரும் தானாக நிறுத்தாது. கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வியாபாரிகளுக்கு வருத்தம் இருந்தது, அது நியாயமான வருத்தம்தான். இருந்தாலும், கொண்டை ஊசி வளைவில் மூன்று மணி நேரம் நிற்கிற வண்டிக்குள் இருக்கும் குழந்தையையும் கேட்க வேண்டும் அல்லவா?

கடைசியாக, காலண்டரில் இல்லாத ஒரு விழா. மதுரை மேலூர்ப் பக்கம், சிவகங்கை, புதுக்கோட்டை ஊர்களில் அறுவடை முடிந்து கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழா வைப்பார்கள். நாளைக் குறிப்பது நட்சத்திரமில்லை, தண்ணீர் மட்டம். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை நூற்றுக்கணக்கான பேர் ஊத்தா, கச்சா, கூடை, வலை என்று கையில் பிடித்துக்கொண்டு கரையோடு கரையாக நிற்பார்கள். துண்டு ஆடியதும் எல்லோரும் உள்ளே. சாதி, வயசு, ஆண், பெண் கணக்கு அந்தச் சேற்றில் கொஞ்ச நேரம் எடுபடாது. விரால், கெண்டை, கெளுத்தி, குறவை என்று கிடைத்தது அவரவருக்கு. விற்பதற்கில்லை, வீட்டுக்கு. அன்று மதியம் ஊர் முழுக்க ஒரே குழம்பு வாசம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். அந்தப் பக்கத்தில் உறவினரோ சிநேகிதரோ இருந்தால் பங்குனியிலிருந்தே போன் செய்து விசாரித்து வையுங்கள். முந்தின நாள்தான் தண்டோராப் போடுவார்கள், இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது. ஊத்தா வாடகைக்குக் கிடைக்காது, கையோடு கொண்டு போக வேண்டும். கெளுத்தியைப் பிடிக்கும்போது முள்ளைப் பார்த்துப் பிடியுங்கள்.